மூன்று மூட்டுகளைப் பூட்டும் ஆபரேஷன்... மலையேறும் காலுக்கு என்ன ஆகும்?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பக்கத்தில் விட்டு மேலே ஏறினால் கல்வராயன் மலை. வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் பஸ் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் பல குக்கிராமங்களுக்கு இன்றும் கால்தான் வண்டி. மரவள்ளிக் காட்டுக்குப் போவது, சாமை விதைத்த சரிவில் களை எடுப்பது, கடுக்காய் பொறுக்கப் போவது, ரேஷன் அரிசியைத் தலையில் சுமந்து வீடு திரும்புவது என்று எல்லா வேலையும் மேடு பள்ளத்தில்தான்.

அந்த நடையைக் கொஞ்சம் உற்றுக் கவனித்தால் ஒன்று தெரியும். கல்லின் மேல் கால் வைக்கும்போது உடம்பு சாய்வதில்லை. பாதம்தான் சாய்ந்துகொடுக்கிறது. இடப்பக்கம் கல், வலப்பக்கம் பள்ளம் என்றால் பாதத்தின் பின்பகுதி அதற்கேற்ப உள்ளேயோ வெளியேயோ திரும்பி, மேலே இருக்கிற முழங்காலையும் இடுப்பையும் நேராக நிற்க வைக்கிறது. இது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. ஒவ்வோர் அடியிலும் நாம் அறியாமலே நடக்கிறது.

இந்த அசைவை வேண்டுமென்றே நிறுத்திவிடும் ஓர் ஆபரேஷன் இருக்கிறது. எலும்பு டாக்டர்கள் அதை 'ட்ரிபிள் ஆர்த்ரோடெசிஸ்' என்பார்கள். தமிழில் மூன்று மூட்டுப் பிணைப்பு எனலாம். குதிகாலைச் சுற்றியிருக்கும் மூன்று மூட்டுகளை ஒரே எலும்பாக ஒட்டவைத்து, வலியையும் கோணலையும் ஒரேயடியாகத் தீர்ப்பதுதான் நோக்கம். சமவெளியில் வாழ்கிறவருக்கு இது பெரும்பாலும் லாபமான பேரம். மலைச்சரிவில் வாழ்கிறவருக்கு?

'உள்ளங்கால் கும்பிடு' போட்டுப் பாருங்கள்

நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டுங்கள். முதலில் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். இந்த அசைவு கணுக்கால் மூட்டில் நடக்கிறது. இப்போது முழங்காலை அசைக்காமல், இரண்டு உள்ளங்கால்களும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி உள்ளே திருப்புங்கள், கும்பிடுவது போல. இந்த அசைவுக்கும் கணுக்காலுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. கணுக்காலுக்குக் கீழே இருக்கிற மூன்று மூட்டுகள் சேர்ந்து செய்கிற வேலை இது.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அதில் இந்தக் கதைக்கு வேண்டியவை நான்குதான். தாலஸ் எனப்படும் கணு எலும்பு, அதற்குக் கீழே குதிகால் எலும்பு, முன்பக்கம் உள்புறத்தில் படகு வடிவ எலும்பு, வெளிப்புறத்தில் கனசதுர எலும்பு. கணு எலும்பு குதிகாலோடு சேரும் இடம் ஒன்று, படகு எலும்போடு சேரும் இடம் இரண்டு, குதிகால் எலும்பு கனசதுர எலும்போடு சேரும் இடம் மூன்று. இவை தனித்தனி மூட்டுகள் போலத் தெரிந்தாலும் கூட்டுக் குடும்பம் மாதிரி. ஒன்று முறுக்கிக்கொண்டால் மற்றவையும் சரியாக அசையாது. குறிப்பாக, கணு எலும்பும் படகு எலும்பும் சேரும் மூட்டை மட்டும் பூட்டினாலே மற்ற இரண்டின் அசைவும் ஏறக்குறைய நின்றுவிடும்.

பனை ஏறுகிறவர், புளியமரம் ஏறி உலுக்குகிறவர் எல்லோரும் மரத்தைப் பிடிப்பது இந்தத் திருப்பத்தால்தான். வயல் வரப்பில் கால் வழுக்காமல் நடப்பதும், சம்மணம் போட்டு உட்காரும்போது பாதம் மடங்கிக்கொடுப்பதும் இதனால்தான். ஊரில் பாதி வேலை இந்த மூன்று மூட்டுகளை நம்பி நடக்கிறது என்றால் மிகையில்லை.

யாருக்கு இந்த நிலை வருகிறது?

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இருந்தது: இளம்பிள்ளை வாதம். போலியோவில் காலின் சில தசைகள் செயலிழந்துபோகும், சில தப்பித்துக்கொள்ளும். தப்பித்த தசை ஒரு பக்கமாகவே இழுத்து இழுத்து, வளர வளரப் பாதம் கோணிப்போகும். பாதத்தின் வெளிவிளிம்பில் நடக்கிற பிள்ளைகளை 40 வருடங்களுக்கு முன்பு எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் பார்த்திருக்கலாம். அமெரிக்காவின் சிகாகோவைச் சேர்ந்த எட்வின் ரயர்சன் 1923-ல் இந்த மூன்று மூட்டு ஆபரேஷனை விவரித்து எழுதியபோது, முக்கியமாக அவர் மனதில் இருந்தது இப்படி வாதம் தாக்கிய கால்கள்தான். ஆடுகிற பாதத்துக்கு உறுதியான அடித்தளம் கொடுத்தால் இரும்புப் பட்டை மாட்டாமல் நடக்கலாம் என்பது கணக்கு.

இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவுக்கே போலியோ இல்லை என்று சான்று கொடுத்தது. சொட்டு மருந்து வரிசையில் நின்ற அம்மாக்களுக்குத்தான் அந்தப் பெருமை சேரும். ஆனால் போலியோ ஒழிந்ததே தவிர, அது தொட்ட கால்கள் ஒழிந்துவிடவில்லை. சிறுவயதில் மூட்டு பூட்டப்பட்டவர்கள் இன்று நாற்பதையும் ஐம்பதையும் கடந்துவிட்டார்கள். அவர்கள் கதைக்குப் பிறகு வருவோம்.

இப்போது எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்கள் வேறு. உயரத்திலிருந்து விழுந்து குதிகால் எலும்பு நொறுங்கியவர்கள் ஒரு பெரிய கூட்டம். மரத்திலிருந்து, சாரத்திலிருந்து, கிணற்றுப் படியிலிருந்து நேராகக் குதிகாலில் விழுந்தால், முட்டை ஓடு நசுங்குவதுபோல அந்த எலும்பு நசுங்கும். எலும்பு கூடிவிடும், ஆனால் மேலே இருக்கிற மூட்டின் வழுவழுப்பு போய்விடும். ஒன்றிரண்டு வருடத்தில் ஒவ்வோர் அடியும் வலி. அடுத்து, முடக்குவாதத்தால் மூட்டு அரித்துப்போன பெண்கள். நாற்பது, ஐம்பது வயதில் பாதத்தின் உள்வளைவைத் தூக்கிப் பிடிக்கிற தசைநாண் தளர்ந்து, ஒரு கால் மட்டும் தட்டையாகி வெளிப்பக்கம் சாய்ந்துபோனவர்கள். பிறவியிலேயே வளைபாதம் இருந்து, சின்ன வயதில் சிகிச்சை கிடைக்காமல் அப்படியே வளர்ந்துவிட்டவர்கள். உணர்ச்சி மரத்துப்போன கால் கொண்ட சர்க்கரை நோயாளிகளும் தொழுநோயிலிருந்து மீண்டவர்களும்கூட இந்த வரிசையில் உண்டு.

மட்டக்குதிரையில் வந்த பாட்டியும் வேலூர் மகனும்

கல்வராயன் மலைக்கும் பாத சிகிச்சைக்கும் எதிர்பாராத ஒரு தொடர்பு இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கதை முழுமையாகாது.

ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, கணவர் ஜெஸ்ஸியோடு கொல்லிமலையில் மிஷனரியாக வாழ்ந்தவர். ஜெஸ்ஸி 1929-ல் காய்ச்சலில் இறந்துபோனார். ஓய்வு வயது வந்ததும் மிஷன் அவரை ஊருக்குத் திரும்பச் சொன்னது. அவர் மிஷனை விட்டு விலகி, மறுபடியும் மலைக்கே வந்துவிட்டார். கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்வராயன் மலை என்று ஒவ்வொரு மலையாக ஏறினார். இடுப்பு எலும்பு முறிந்த பிறகும் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டும், நடக்க முடியாத இடத்தில் மட்டக்குதிரை மேலும் போய் மருந்து கொடுத்தார். 1974-ல், 95 வயதில் இறக்கும்வரை இந்த மலைகள்தான் அவருக்கு ஊர்.

அவருடைய மகன் பால் பிராண்ட், 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை சிகிச்சை டாக்டராக வந்து சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுகின்றன என்றே அப்போது எல்லோரும் நம்பினார்கள். உணர்ச்சி இல்லாததால் காயம் பட்டும் தெரியாமல், அதன் மேலேயே வேலை செய்து, அதன் மேலேயே நடந்து உறுப்பை இழக்கிறார்கள் என்று பிராண்டும் அவருடன் வேலை செய்தவர்களும் எடுத்துக்காட்டினார்கள். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார்கள். காலுக்கு வந்தபோது இன்னொரு விஷயம் புரிந்தது. ஆபரேஷன் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் செருப்பு.

வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-ல் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி மையமும் அந்தப் பணியில் வளர்ந்ததுதான். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் எழுதித்தரும் எம்.சி.ஆர். செருப்பு இருக்கிறதே, அந்த மெத்தென்ற நுண்ணறை ரப்பர் அடிப்பாகம், அதன் வேர் இந்த வேலூர் வட்டாரப் பரிசோதனைகளில் இருக்கிறது.

தொழுநோயில் பாதத்தைத் தூக்கும் நரம்பு செயலிழந்தால் கால் தொங்கிப்போகும். பாதம் இன்னும் வளைந்துகொடுக்கிற நிலையில் இருந்தால், பின்பக்கத் தசைநாண் ஒன்றை முன்பக்கம் இழுத்துத் தைத்தே சரிசெய்துவிடலாம். பாதம் கோணலாகவே இறுகிவிட்டால் மூட்டுப் பிணைப்பைத் தவிர வேறு வழி குறைவு. தாமதம் எப்படி ஆபரேஷனைப் பெரிதாக்குகிறது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைக்காது.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். பாதத்தின் வெளிப்பக்கத்தில் ஒரு கீறல், உள்பக்கத்தில் ஒரு கீறல். மூன்று மூட்டுகளிலும் எலும்பின் நுனியை மூடியிருக்கிற குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, உள்ளே இருக்கிற ரத்த ஓட்டமுள்ள எலும்பை வெளிக்கொண்டு வருவார்கள். கோணல் அதிகம் என்றால் எலும்பில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எடுப்பதும் உண்டு. பிறகு குதிகால் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி, பாதம் தரையில் சமமாகப் பதியும்படி நிறுத்தி, ஸ்க்ரூ அல்லது ஸ்டேப்பிள் போட்டு இறுக்குவார்கள்.

எந்த நிலையில் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் டாக்டரின் கைத்திறமை இருக்கிறது. குதிகால் உள்பக்கம் சாய்ந்து ஒட்டிவிட்டால், அந்த நபர் வாழ்நாள் முழுக்கப் பாதத்தின் வெளிவிளிம்பில் நடக்க வேண்டியதுதான். அசைகிற மூட்டு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். ஒட்டிய எலும்புக்கு அந்த வசதி இல்லை.

ஸ்க்ரூ எலும்பை ஒட்டவைப்பதில்லை என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். அது பிடித்துக்கொண்டு மட்டும்தான் இருக்கும். ஒட்டுகிற வேலையை உடம்புதான் செய்ய வேண்டும், எலும்பு முறிவு கூடுவது போலவே. அதற்கு நேரம் வேண்டும். பாரம் இல்லாமல் இருக்க வேண்டும். பீடி, சிகரெட்டை அறவே விட வேண்டும். புகையிலை எலும்புக்குப் போகிற ரத்தத்தைக் குறைப்பதால், பிடிக்கிறவர்களுக்கு எலும்பு கூடாமல் போகிற அபாயம் கூடுதல். 'அஞ்சு ஸ்க்ரூ போட்டிருக்கே டாக்டர், ஒரு பீடிக்கு என்ன ஆகப் போகுது' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இதே அபாயம், கூடவே புண் ஆறாத அபாயமும் உண்டு.

அந்த மூன்று மாதங்கள்

ஆபரேஷன் ஒரு சில மணி நேரம்தான். நிஜமான சிகிச்சை அதற்குப் பிறகு வீட்டில் நடக்கிறது. பொதுவாக முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. பிறகு எக்ஸ்ரே பார்த்து, கட்டோடு கொஞ்சம் கொஞ்சமாக ஊன்ற விடுவார்கள். கட்டு முழுதாக நீங்க ஏறக்குறைய மூன்று மாதம். வீக்கம் வடிய அரை வருடத்துக்கு மேல்கூட ஆகலாம்.

நகரத்து அடுக்குமாடியில் இது சிரமம். மலைக் கிராமத்தில் இது வேறு விஷயம். வீட்டு வாசலே சரிவில் இருக்கும். தண்ணீர் தூரத்தில். கழிப்பறை வீட்டுக்கு வெளியே, இருந்தால். மழை பெய்த செம்மண்ணில் கக்கத்துக் கட்டையை ஊன்றி ஒற்றைக் காலில் இறங்குவது என்பது இன்னோர் எலும்பை உடைத்துக்கொள்ளும் வழி. 'ஊன்றாதே' என்று சீட்டில் எழுதுவது சுலபம். ஊன்றாமல் இருக்க அந்த வீட்டில் என்ன ஏற்பாடு என்று விசாரித்து எழுதுகிற டாக்டர்தான் உண்மையில் வைத்தியம் பார்க்கிறார்.

இன்னொரு கவலையும் உண்டு. கட்டுக்குள் வீக்கம் ஏறி ரத்த ஓட்டம் அடைபடலாம். மாத்திரைக்கும் அடங்காத வலி, விரல்கள் நீலம் பாய்வது, மரத்துப்போவது எல்லாம் அதற்கு அடையாளம். அப்படி ஆனால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, சில மணி நேரத்துக்குள் கட்டைத் தளர்த்தியாக வேண்டும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலிப்பதும், மூச்சு வாங்குவதும் ரத்தக் கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். 108-க்கு போன் போட்டால் வண்டி எதுவரை வரும் என்பதுதான் மலையில் முதல் கேள்வி. சாலை எட்டாத ஊர்களில் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வருகிற காட்சி கல்வராயன் மலைக்குப் புதிதல்ல. கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு 2024-ல் இந்த மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். எலும்பு டாக்டரின் சிகிச்சைத் திட்டத்தில் சாலையும் ஒரு மருந்துதான்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு இப்படிப்பட்ட ஆபரேஷன் என்றால் சேலம், விழுப்புரம், புதுச்சேரி என்று போக வேண்டிய நிலை. இப்போது மாவட்டத்துக்குள்ளேயே எலும்பு டாக்டரைப் பார்த்து ஆலோசனை பெற முடிகிறது. ஆனாலும் மலையிலிருந்து ஒவ்வொரு பரிசோதனைக்கும் இறங்கி ஏறுவது ஒரு நாள் கூலி, இரண்டு பேர் பஸ் செலவு.

ஆகவே தேதி குறிப்பதற்கு முன்பே குடும்பம் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. அடிவாரத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் முதல் இரண்டு மாதம் அங்கே தங்க முடியுமா? மழைக்காலத்தைத் தவிர்க்க முடியுமா? எஸ்டேட் வேலைக்கோ கட்டட வேலைக்கோ வெளியூர் போகிற வீட்டில், அந்தப் பருவத்தில் துணைக்கு யார் இருப்பார்கள்? வீட்டுக்குள் ஒரு கழிப்பறை நாற்காலி போட முடியுமா? அடுப்படி வேலை பார்க்கிற பெண்ணுக்கு ஆபரேஷன் என்றால் இந்தக் கேள்விகள் இரட்டிப்பாகும். கணவனுக்கு என்றால் மனைவி பார்த்துக்கொள்வாள், மனைவிக்கு என்றால் அவளே எழுந்து சமைப்பாள் என்பதுதான் நிறைய வீடுகளில் வழக்கம். மூட்டு ஒட்டாமல் போவதற்கு அடுப்படியும் ஒரு காரணம் என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் எழுதியிருக்காது.

ஒட்டிய பிறகு எப்படி இருக்கும்?

மேலும் கீழும் ஆடுகிற கணுக்கால் அசைவு மிஞ்சும். அதனால் சமதரையில் நடை ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும். தெரியாதவர்கள் கண்டுபிடிக்கக்கூட மாட்டார்கள். வருடக்கணக்கில் வலியோடு நடந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் 'உள்ளங்கால் கும்பிடு' இனி கிடையாது. மரம் ஏறுவதை மறந்துவிட வேண்டும். ஜல்லியிலும் வரப்பிலும் குறுக்குச் சரிவிலும் கால் தடுமாறும், ஏனென்றால் பாதம் சாய்ந்துகொடுக்காதபோது உடம்புதான் சாய வேண்டியிருக்கிறது. நேர் ஏற்றமும் இறக்கமும் ஓரளவு சமாளிக்கலாம். சரிவைக் குறுக்கே கடப்பதுதான் கஷ்டம். மலைக்காட்டில் உழுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் குறுக்குச் சரிவில்தான் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இழப்பு இதோடு முடிவதில்லை. மூன்று மூட்டுகள் செய்த வேலை எங்கே போகும்? மேலே கணுக்காலுக்கும், முன்னே நடுப்பாதத்துக்கும் போகும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக டாக்டர்கள் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 57 பேரின் 67 பாதங்களை மிக நீண்ட காலம் பின்தொடர்ந்து 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே நோயாளிகளை முதலில் சராசரியாக 25 வருடம் கழித்தும், பிறகு 44 வருடம் கழித்தும் பரிசோதித்தார்கள். இரண்டாவது முறை பார்த்தபோது எல்லாப் பாதங்களிலும் கணுக்கால் மூட்டில் தேய்மானத்தின் அடையாளம் இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அப்படியும் 95 சதவிகிதம் பேர் ஆபரேஷனால் திருப்தி என்றே சொன்னார்கள்.

சிறுவயதில் போலியோவுக்காக மூட்டு பூட்டப்பட்டு, இப்போது கணுக்கால் வலிக்கிறது என்று வருகிற ஐம்பது வயதுக்காரர்களின் எக்ஸ்ரேயில் தெரிவதும் இதுதான். ஆபரேஷன் தப்பாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. வேலை பார்த்துத் தேய்ந்த மூட்டு அது.

மூன்றும் வேண்டுமா?

எல்லோருக்கும் மூன்று மூட்டையும் பூட்டத் தேவையில்லை. குதிகால் எலும்பு நொறுங்கியவருக்குப் பெரும்பாலும் குதிகாலுக்கும் கணு எலும்புக்கும் நடுவே இருக்கிற ஒரு மூட்டை மட்டும் பிணைத்தால் போதும். அப்போது மற்ற மூட்டுகளில் கொஞ்சம் அசைவு மிஞ்சும். மலைக்காரருக்கு அந்தக் கொஞ்சம் பெரிது. எந்த மூட்டிலிருந்து வலி வருகிறது என்று சந்தேகம் இருந்தால், எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே அந்த மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். ஊசிக்குப் பிறகு வலி காணாமல் போனால் குற்றவாளி அந்த மூட்டுதான். இந்தச் சோதனை செய்யலாமா என்று கேட்பதில் தப்பே இல்லை.

தட்டைப் பாதத்தில் குதிகால் இன்னும் கையால் நிமிர்த்தக்கூடிய நிலையில் இருந்தால், மூட்டைப் பூட்டாமல் எலும்பை நகர்த்தி, தசைநாணை மாற்றித் தைக்கிற ஆபரேஷன்கள் இருக்கின்றன. அதற்கும் முன்னால் செருப்புக்குள் வைக்கும் தாங்கி, கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் பட்டை, எடைக் குறைப்பு, பிசியோதெரபி எல்லாம் உண்டு. கணுக்காலை இறுக்கிப் பிடிக்கிற உறுதியான பட்டையைச் சில வாரங்கள் மாட்டிக்கொண்டு தன் காட்டிலும் மேட்டிலும் நடந்து பார்த்தால், மூட்டு பூட்டிய கால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சின்ன ஒத்திகை கிடைக்கும். வலி போய், வேலையும் ஓடுகிறது என்றால் ஆபரேஷனுக்குத் தைரியமாகப் போகலாம். வேலை ஓடவில்லை என்றால் பட்டையைக் கழற்றிவிடலாம். ஆபரேஷனைக் கழற்ற முடியாது.

ஒட்டிய காலுக்குப் பின்பக்கம் வார் இல்லாத ரப்பர் செருப்பு சரிப்படாது. குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வார் வைத்த செருப்பு, அடிப்பாகம் முன்பக்கம் தொட்டில் போல லேசாக வளைந்திருந்தால் நடை உருண்டு போகும். இதை ஊரில் இருக்கும் நல்ல செருப்புத் தொழிலாளியே செய்து கொடுத்துவிடுவார், டாக்டரோ பிசியோதெரபிஸ்ட்டோ அளவு சொன்னால்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்பே காப்பீட்டு கவுன்டரில் அட்டையைக் காட்டி, குறிப்பிட்ட ஆபரேஷனுக்கு எவ்வளவு கிடைக்கும், ஸ்க்ரூவுக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பது 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உண்டு. கட்டுப் பிரித்த பிறகு இறுகிப்போன கணுக்காலை அசைக்கப் பழக்க அது உதவும்.

பன்னிரண்டு வயதுக்கு முன்னால்

சின்னக் குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷனைச் செய்வதில்லை. வளர்கிற எலும்பைப் பூட்டினால் பாதம் குட்டையாகிவிடும். பத்து, பன்னிரண்டு வயதுக்குப் பிறகுதான் யோசிப்பார்கள். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத நோய் ஒன்று இருக்கிறது. அதுதான் பிறவி வளைபாதம். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு வரும். பிறந்ததும் பாதம் உள்நோக்கி, கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். கிரகணத்தின்போது காய் நறுக்கியதால் வந்தது என்று தாயின் மேல் பழி போடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதில் துளியும் உண்மையில்லை.

இதற்கு ஸ்பெயினில் பிறந்து அயோவாவில் வேலை பார்த்த டாக்டர் இக்னாசியோ பொன்செட்டி கண்டுபிடித்த முறையைத்தான் இன்று உலகமே பின்பற்றுகிறது. மேலே சொன்ன 44 வருட ஆய்வை எழுதியவர்களில் அவரும் ஒருவர். வாரம் ஒரு முறை பாதத்தை மெதுவாகத் திருப்பி மாவுக்கட்டு. ஐந்தாறு கட்டுகளில் பாதம் நேராகிவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கடைசியில் குதிகால் நாணில் ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். எந்த மூட்டையும் பூட்ட வேண்டியதில்லை. வளர்ந்த பிறகு மரமும் ஏறலாம்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். இரண்டு காலணிகளை ஒரு கம்பியால் இணைத்த பட்டையை முதல் மூன்று மாதம் நாள் முழுக்கவும், பிறகு நான்கு வயது வரை தூங்கும்போதும் மாட்ட வேண்டும். குழந்தை அழும். பாட்டி கழற்றிவிடச் சொல்வார். கால் வளர்ந்து காலணி சின்னதாகிவிடும், மாற்றுவதற்கு மறுபடி மலையிறங்க வேண்டும். பட்டை நின்றுபோகும் குழந்தைகளுக்குத்தான் பெரும்பாலும் பாதம் மீண்டும் கோணுகிறது. பாதம் நேராகத்தானே இருக்கிறது, இனி எதற்கு என்று தோன்றுகிற அந்த இரண்டாவது, மூன்றாவது வருடம்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய நேரம்.

2013-ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் வளைபாதமும் ஒன்று. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் இதற்கான சிகிச்சைக்கு வழிகாட்டுவார்கள். பிறந்த குழந்தையின் உள்ளங்கால் உள்பக்கம் திரும்பியிருந்தால், ஒரு கையால் மெதுவாக நேராக்கிப் பாருங்கள். சுலபமாக நேரானால் அது பெரும்பாலும் கருப்பையில் மடங்கியிருந்ததால் வந்தது, தானாகச் சரியாகிவிடும். என்றாலும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடலாம். நேராகாமல் இறுக்கமாக இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் காட்ட வேண்டும். தடுப்பூசி போட ஊருக்கு வருகிற கிராம சுகாதார செவிலியரிடம் குழந்தையின் காலைக் காட்டினாலே போதும், எங்கே போக வேண்டும் என்று அவர் சீட்டு எழுதிக்கொடுத்து அனுப்பிவைப்பார்.